அந்த ‘வெரி குட்’டுக்கு ஒரு திருத்தம்

அன்பு மகள் பெரியவளுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கு நாங்கள் மூன்று பேரும் முக்கால் நலம். மிச்சக் கால் நலம் நீ வாய் திறந்து பேசினால்தான் வரும். (அக்கா, வாலுதான் எழுதுகிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் நான், வெளியே இருப்பதெல்லாம் அம்மா. முக்கால் கால் கணக்கு அம்மாவே போட்டது, என் சரக்கு இல்லை.) வலது கையில் சின்னதாகச் சூடு பட்டுவிட்டதால் இவளை எழுதச் சொன்னேன், பயப்படும்படி ஒன்றும் இல்லை. (சின்னது இல்லை. விரலிலிருந்து மணிக்கட்டு தாண்டிக் கட்டு. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு தேய்க்கிற உருளை மெஷினில் பட்டது. ஏன் பட்டது என்று அவளே சொல்கிறாளா பார்ப்போம்.)

நீ போனை எடுக்காததால் உன் அறைத்தோழிக்குப் போட்டோம். அந்தத் தங்கமான பெண், “எங்க அத்தை வீட்டு மாடியில இருக்காம்மா, சாப்பிடறா, தூங்கறா, போனை மட்டும் தொட மாட்டேங்கறா” என்றாள். அப்போதுதான் எனக்கு உயிர் திரும்பியது. இந்த விலாசமும் அவள் கொடுத்ததுதான், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. காலேஜில் உன் பெயரை இன்னும் எடுக்கவில்லையாம், பரீட்சைக்குள் போனால் சேர்த்துக்கொள்வார்களாம். அது பிறகு. முதலில் நான் அனுப்பிய அந்த ‘வெரி குட்’டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், அது நெஞ்சில் மீன்முள்ளாய் நிற்கிறது.

வேலை இடத்தில் எங்களுக்கு இங்கிலீஷ் படிக்கச் சொல்லித்தர ஒரு மிஸ் வருகிறாள் என்று உனக்குச் சொல்லியிருந்தேன் அல்லவா. நாலு எழுத்து கூட்டத் தெரிந்ததும் எனக்குத் தலை கால் புரியவில்லை, இனிமேல் எனக்கு இங்கிலீஷிலேயே அனுப்பு, நானே படித்துக்கொள்கிறேன் என்று உன்னிடம் பெருமை அடித்தேன். எங்கள் சலவைக்கூடத்தில் இரண்டு கதவுகள். இடது கதவில் அழுக்குத் துணி உள்ளே வரும், வலது கதவில் வெளுத்தது வெளியே போகும், மேலே பெரிய எழுத்தில் லெஃப்ட், ரைட் என்று எழுதியிருக்கும். யாரையும் கேட்காமல் நானாகக் கூட்டிப் படித்த முதல் சொல் அந்த லெஃப்ட்தான். ரைட்டில் இரண்டு எழுத்து ஊமை, சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவை. லெஃப்ட்டில் நாலு எழுத்தும் ஒழுங்காக வேலை செய்யும், அதனால் அதை நம்பினேன். உன் மெசேஜ் வந்தபோது இவள் எட்டிப் பார்த்தாள், என் பெண் எனக்கு எழுதினது, நீ கை வைத்தால் கையை ஒடிப்பேன் என்று துரத்திவிட்டேன். (ஒடிக்கத்தான் விட்டிருக்க வேண்டும்.)

நீ எழுதியது இரண்டே வரி. ஐ கான்ட் ரீட் தீஸ் புக்ஸ். ஐ ஹேவ் லெஃப்ட் தி ஹாஸ்டல். நான் படித்தது வேறு. அந்த வாரம்தான் மிஸ் சில சொற்களில் ‘டி’ எழுத்து ஊமை என்று சொல்லிக்கொடுத்திருந்தாள். நானும் கான்ட் என்கிற சொல்லின் கடைசியில் நிற்கிற அந்த ‘டி’யை ஊமை என்று தள்ளிவிட்டேன், அதற்கு முன்னால் தலைக்கு மேல் கொசு மாதிரி ஒரு புள்ளி, அது போன் கண்ணாடியில் இருக்கிற கீறல் என்று நினைத்துச் சேலைத் தலைப்பால் துடைக்கவும் செய்தேன். ஆக கான்ட் வெறும் கான் ஆகி, இந்தப் புத்தகங்களை என்னால் படிக்க முடிகிறது என்றாகிவிட்டது. அடுத்த வரியில் ஐ என்றால் நான், ஹேவ் என்றால் இருக்கிறது, லெஃப்ட் என்றால் இடது, எனக்கு இடதுபக்க ஹாஸ்டல் கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் தெரிந்தது, அதுதான் வினை. சந்தோஷத்தில் வெரி குட் என்று நானே தேடித் தேடி அடித்து அனுப்பினேன். கேன்டீனில் கூட வேலை செய்கிறவர்களிடம் எல்லாம் சொன்னேன், என் பொண்ணுக்குப் படிப்பு பிடிபட்டுடுச்சு, இடதுபக்கம் நல்ல ரூமா குடுத்துட்டாங்க என்று. ஒருத்தி, காத்து வருமா என்றுகூடக் கேட்டாள், நன்றாக வரும் என்றேன்.

பிறகு ஒருநாள் மிஸ் பலகையில் தி பஸ் லெஃப்ட் என்று எழுதி அர்த்தம் கேட்டாள். நான்தான் முந்திக்கொண்டு, பஸ் இடதுபக்கம் நிக்குது என்றேன். “இல்லக்கா, பஸ் போயிடுச்சு” என்றாள். பஸ்ஸோடு என் நெஞ்சும் போய்விட்டது. போனை எடுத்து அவளிடம் நீட்டினேன், அவள் வாசித்துவிட்டு என் தோளில் கை வைத்தாள், பிறகு மெதுவாக அர்த்தம் சொன்னாள். என்னால் படிக்க முடியவில்லை, நான் கிளம்பிவிட்டேன் என்று நீ எழுதியிருக்கிறாய். பெற்றவள் அதற்கு மிக நன்று என்று பதில் போட்டிருக்கிறேன். அதைப் பார்த்து நீ என்ன நினைத்திருப்பாய், அம்மா கேலி செய்கிறாள் என்றா, தொலைந்தாள் என்று விட்டுவிட்டாள் என்றா. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. (இறங்கவில்லைதான். அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னபோது நான் வழக்கம்போல் ஒரு ஜோக் அடிக்க வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை, என் வாய்க்கே ஊமை எழுத்து வந்துவிட்டது.)

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். நர்ஸ் ஆகப்போகிறாள் என்று லாரி ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்த மனுஷன், கத்துவார் என்று பயந்தேன். கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார், பிறகு உள்ளே வந்து, “அங்க அவளுக்குச் சாப்பாட்டுக்கு வழி இருக்காமா?” என்று கேட்டார், அவ்வளவுதான். மற்றபடி குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. இவள் நான் படிப்பதற்காக வீட்டுச் சாமானில் எல்லாம் இங்கிலீஷில் பெயர் எழுதி ஒட்டுகிறேன் என்று சொல்லி, தூங்குகிற அப்பா நெற்றியில் ஃபேன் என்று ஒட்டிவிட்டாள். (இரண்டும் ஓடினால் ஒரே சத்தம். அம்மா முதுகில் பார்சல் பெட்டியிலிருந்து உரித்த ஃபிராஜைல் ஸ்டிக்கரை ஒட்டினேன், உடையும், பார்த்துத் தூக்கு என்று அர்த்தம். அது விளையாட்டுக்கு ஒட்டினது அக்கா, நிஜமாகும் என்று நினைக்கவில்லை.)

பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்த பிள்ளையிடம் தலையணை தடிமனில் இங்கிலீஷ் புத்தகம் கொடுத்தால் மூச்சு முட்டத்தான் செய்யும், அது உன் மூளையின் குற்றம் இல்லை. ஒரு பக்கத்தில் பத்துச் சொல் தெரியவில்லை என்று நீ புத்தகத்தை மூடியிருப்பாய், நான் ஒரு பக்கத்தில் பத்துச் சொல் தெரிந்தால் டீ வாங்கிக் குடிக்கிறேன். மிஸ் ஒன்று சொன்னாள், ஒரு சொல்லைத் தனியாகப் பிடித்து விசாரிக்காதீர்கள், பக்கத்து வீட்டுச் சொல்லையும் கேளுங்கள், வரி முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள் என்று. எனக்கு அது சூடு பட்ட பிறகுதான் உறைத்தது. (சொல்லிவிட்டாள். உன் நினைப்பிலேயே மெஷினில் கை வைத்தாள்.) நீ திரும்பக் காலேஜுக்குப் போனாலும் சரி, வீட்டுக்கு வந்தாலும் சரி, நாங்கள் கேள்வி கேட்கமாட்டோம். ஆனால் என்னுடைய ஒரு தப்பான பதிலை வைத்து நீ முடிவு செய்துவிடாதே.

கட்டுப் போட்ட கையோடு நேற்று வகுப்புக்குப் போனேன். மிஸ் தயங்கித் தயங்கி, “அக்கா, அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு” என்றாள். இன்னுமா என்றேன். டப்பாவில் மூன்று பிஸ்கட் லெஃப்ட் என்றால் மூன்று மிச்சம் என்று அர்த்தமாம். இடது, போய்விட்டது, மிச்சம், ஒரே சொல் பார். இனிமேல் நீ எழுதியதை நான் அந்த மூன்றாவது அர்த்தத்தில்தான் படிக்கப்போகிறேன். ஹாஸ்டல் போகட்டும், படிப்புகூடப் போனால் போகட்டும், நீ மிச்சம் இருக்கிறாய்.

நேரத்துக்குச் சாப்பிடு, அந்த அத்தைக்கு வீட்டு வேலையில் கை கொடு, போனை எடு. பயந்துகொண்டு தமிழுக்கு மாறாதே, எனக்கு இங்கிலீஷிலேயே எழுது, நான் இரண்டு தடவை படிப்பேன். ஆனால் முடியாது என்று எழுதும்போது கானையும் நாட்டையும் பிரித்து, என் கண்ணில் படும்படி பெரிதாக எழுது. (காடும் நாடும் இல்லை அக்கா, நீ பாட்டுக்குக் கிளம்பிவிடாதே.) நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருப்பாய், என் வயிறு சொல்கிறது. கையெழுத்தை மட்டும் நானே போடுகிறேன்.

உன் அம்மா

(மேலே எறும்பு ஊர்ந்த மாதிரி கோணலாக இருப்பது அம்மாவே இடது கையால் போட்டது. பிடித்துக்கொள்கிறேன் என்றேன், விடவில்லை. லெஃப்ட்டால் ஒரு ரைட்டிங். நீ திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று மெனக்கெட்டு அழுத்திப் போட்டாள், தாளின் மறுபக்கம் தடவிப் பார், தட்டுப்படும்.)