டாக்டர் எழுதித் தந்தது

12.8.1991, திங்கள்

பக்கவாதம் வந்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வருகிறது. டம்ளர். இன்று பூந்தமல்லியில் டாக்டர் சாவியைக் காட்டி, "இது என்னன்னு சொல்லுங்க" என்றார். இவர் "டம்ளர்" என்றார். பேனாவுக்கும் அதேதான்.

"இவருக்கு எதுவும் புரியலைம்மா. புத்தி தெளிவில்லைன்னு எழுதிடறேன். அதைக் காட்டி இவர் வேலை பாத்த ஃபேக்டரியில இவருக்குப் பதிலா உங்க பையனுக்கு வேலை கேக்கலாம்" என்றார் டாக்டர். இவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் எழுதிய தாளில் நான் கையெழுத்துப் போட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் வந்து நின்ற வண்டியில் ஏறப் போனேன். இவர் என் கையைப் பிடித்து இழுத்தார். உதறினேன், விடவில்லை. "இன்னாம்மா, ஏறுறியா இல்லியா? திருவேற்காடு வண்டி இது" என்று கண்டக்டர் கத்தினார். நாங்கள் போக வேண்டியது ஆவடிக்கு.

ஆவடி பஸ்ஸை இவரேதான் கைகாட்டி நிறுத்தினார். ஜன்னலோரம் எனக்கு விட்டுவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். அப்படியென்றால் டாக்டர் சொன்னதும் புரிந்திருக்கும். நான் கையெழுத்துப் போட்டதும்.

அழுகைகூட வரவில்லை. பையனிடம் இன்னும் சொல்லவில்லை. இவர் தூங்காமல் நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நோட்டை மூடத் தோன்றவில்லை.