பாடியவர்: ஃபிராங்கி கோலார்

மார்ச் 4, திங்கள்

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. பள்ளி அலுவலகத்தில் ஹால் டிக்கெட் வேலை முடிய ஐந்தரை ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்தால் டாடி பாதி சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். வலது கையைச் சட்டைக்குள் விடவே முடியவில்லை என்றாள், பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் செண்பகம்.

பக்கவாதம் வந்து பதினான்கு மாதம். வலப்பக்கத்தோடு பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே சொல்: "சரி." சாப்பிட்டீர்களா? சரி. வலிக்கிறதா? சரி. ஃபேன் வேண்டாமா? சரி. டாக்டர் இதற்கு ஒரு பெயர் சொன்னார். பெயர் தெரிந்து நான் என்ன செய்ய?

மார்ச் 6

இங்கிலாந்திலிருந்து ஒருவர் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். கே.ஜி.எஃப்., அதாவது எங்கள் கோலார் தங்கவயல்காரர்களின் ஃபேஸ்புக் குழுவில் என்னைப் பிடித்தாராம். முதலில் ஏதோ மோசடி என்றுதான் நினைத்தேன்.

அறுபதுகளில் யார் காதிலும் விழாமல் போன 'சோல்' பாட்டுகளை, அமெரிக்கக் கறுப்பர் பாணிப் பாட்டுகளைத் தேடிப்பிடித்து மறுபடி வெளியிடுவது அவர் வேலை. நறுக்கென்று கோட் தைத்துப் போட்டு, ஸ்கூட்டரில் சுற்றிய 'மாட்' இளைஞர்கள் அன்று லண்டனில் இருந்தார்களாம். அவர்கள் ஆடுவதற்கான பாட்டுகள். 1967இல் ஒரு கம்பெனி வெள்ளோட்டமாக ஐம்பது ரெக்கார்டு மட்டும் போட்டுவிட்டு மூடிப்போனது. அதில் ஒன்று இப்போது கிடைத்திருக்கிறது. பாடியவர் ஃபிராங்கி கோலார் என்று லேபிளில் இருக்கிறதாம். உங்கள் தந்தையா என்று கேட்கிறார்.

டாடி பெயர் ஃபிராங்க்ளின். அறுபத்து நாலு முதல் அறுபத்தெட்டு வரை லண்டனில் இருந்தார். பஸ் கண்டக்டர் வேலை என்றுதான் எங்களிடம் சொன்னார். திரும்பி வந்து சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கூண்டை ஓட்டினார். கோயிலில்கூட வாய் திறந்து பாடியதில்லை. இவரா?

மார்ச் 9, சனி

பாட்டின் முதல் அரை நிமிடத்தை மட்டும் அனுப்பியிருக்கிறார். முழுப் பாட்டு, வெளியான பிறகுதானாம். ஆறு முறை கேட்டேன். இருபத்து மூன்று வயதுப் பையனின் குரல், இங்கிலீஷ், பின்னால் டிரம்பெட். எனக்குத் தெரிந்த டாடிக்கு முப்பது வயதுக்குக் குறைவாக இருந்ததே இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பேன்?

டாடியிடம் போட்டுக் காட்டினேன். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நீங்களா டாடி?"

"சரி."

மார்ச் 10, ஞாயிறு

பூசையில் பாதியில் ஞாபகம் வந்தது. தொண்ணூற்றெட்டு, பங்குத் திருவிழா விற்பனை. டாடியின் டிரங்குப் பெட்டியிலிருந்த கறுப்பு ரெக்கார்டுகளை எடுத்து, வெந்நீரில் போட்டு, வளைத்துக் கிண்ணம் செய்தேன். அந்த வருஷம் எங்கள் தெரு ஜெபக்குழுவான அன்பியத்துப் பெண்கள் எல்லோரும் செய்தோம். என்னுடையதற்கு முதல் பரிசு. வீட்டில் பிளேயர் இல்லை, யாரும் கேட்பதில்லை, அதனால் கேட்காமலே எடுத்தேன். பத்துப் பன்னிரண்டு இருக்கும். அதில் ஒன்று இதுவாக இருந்ததா? லேபிளைக்கூடப் படிக்கவில்லையே, பாவி.

டாடி ஒரு கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தார். நன்றாக வந்திருக்கிறது என்றார். அப்போது பேச்சு இருந்ததே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

மார்ச் 13

கனடாவில் ஒரு குடும்பம், பாடியது தங்கள் மாமா என்கிறதாம். பிரான்சிஸ். அவரும் கோலார்தான். இறந்துவிட்டார்.

மார்ச் 17, ஞாயிறு

வீடியோ கால். டாடிக்குச் சவரம் செய்து நீலச் சட்டை போட்டுவிட்டேன். இங்கிலாந்துக்காரர் நல்ல மனிதர், மெதுவாகப் பேசினார். ரெக்கார்டின் அட்டை அச்சுக்குப் போகப்போகிறது, நான்தான் என்று டாடி வாயால் கேட்டால் போதும் என்றார். நான் தமிழில் கேட்டேன். டாடி, சரி என்றார். "ஆமாம், நான்தான் என்கிறார்" என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு அந்தப் பெயர் வேண்டும். டாடி என்று ஒருவர் இருந்ததாக எங்காவது அச்சில் இருக்க வேண்டும். இதில் என்ன தப்பு?

மார்ச் 18

"அது நீங்க இல்லையே டாடி?"

"சரி."

மார்ச் 22, வெள்ளி

தூக்கம் போய் நாலு நாள். இறந்துபோன ஒருவருடைய பெயரைத் தட்டிப் பறித்துவிட்டேனோ? உண்மையை எழுதி அனுப்பிவிட்டேன். எதைக் கேட்டாலும் அவர் இதே சொல்தான் சொல்வார் என்று.

விஜய்குமாருக்குக் கோபம். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். இன்று பேசினார்.

"அவருக்கு இனிமே என்ன கிடைக்கப்போவுது மெர்சி? இதையும் நீயே புடுங்கிட்ட."

 

ஏப்ரல் 2

பதில் வந்தது. ஒரு வரிகூடக் கடிந்துகொள்ளவில்லை. 'ஃபிராங்கி கோலார். இவர் யாரென்று தெரியவில்லை' என்று அச்சிடுகிறார்களாம்.

மே 27, திங்கள்

பாட்டு வெளியாகிவிட்டது. லிங்க் அனுப்பியிருக்கிறார். சாயங்காலம் டாடி மடியில் போனை வைத்து முழுதாகப் போட்டேன். பாதிக்கு மேல் போயிருக்கும், திடீரென்று இடது கையைக் கொண்டுவந்து போனை அழுத்தி மூடினார். சத்தம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நிறுத்திவிட்டேன்.

அப்புறம் சமையலறையில் தனியாகக் கேட்டேன். இரண்டு நிமிடம் பத்தாவது வினாடி. குரல் மேலே ஏறுகிறது. உச்சியில் உடைந்துவிடுகிறது, சின்னப் பையன் குரல் உடைவதுபோல. திரும்பப் பாடவைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். டாடி மூடியது அதற்குச் சற்று முன்னால்.

இந்த வீட்டில் அதுவரை யாரும் அந்த இடத்தைக் கேட்டதில்லை.

மே 28

மறுபடி போட்டேன். அதே இடம். உடைவதற்கு இரண்டு வினாடி முன்னால் கை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். வெட்கம். எண்பது வயதில், ஐம்பத்தேழு வருஷம் கழித்து, வெட்கம்.

நீங்கதானா! ஐயோ டாடி, நீங்கதானா!

இங்கிலாந்துக்காரருக்கு எழுத உட்கார்ந்தேன். ஒரு முறை பொய் சொல்லி, ஐந்தாம் நாள் இல்லை என்றவள் நான். இப்போது கையால் மூடினார் என்று எழுதினால்? கனடாக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன். அட்டையும் அச்சாகிவிட்டது.

மே 29

இன்று சாயங்காலம் போட்டபோது, அந்த இடம் வருவதற்குள் நானே நிறுத்திவிட்டேன். டாடியின் கை பாதி வழியில் நின்றது. பிறகு என் கை மேல் வந்து உட்கார்ந்தது.