சிசிலிக்குக் காட்டிய மரம்

வேலந்தாவளம்,
மார்கழி 7.

அன்பு மகள் யோகப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை. இங்கே உன் அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. நான் சுகம் என்று எழுதினால் பொய், இந்த ஒரு வாரத்தில் சொன்ன பொய்யே போதும். போனில் பேசினால் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன், அதனால்தான் கடிதம். இது உன் கைக்கு வருவதற்குள் சொல்ல வேண்டியவர்களிடம் எல்லாம் சொல்லி முடித்திருப்பேன்.

பதினோரு வருடமாக நம் தோப்பில் கள் இறக்கிய பாஸ்கல், பன்றிக்கு நான் கட்டிய கரண்டுக் கம்பியில் பட்டுச் செத்தான். கம்பியைச் சுருட்டிக் கிணற்றில் போட்டுவிட்டு, மரத்திலிருந்து விழுந்துவிட்டான் என்று ஊரைக் கூட்டினேன். காலில் இருந்த கருகலை, மட்டை கிழித்த காயம் என்றேன். இதெல்லாம் உனக்குத் தெரியும். லைனை நிறுத்த மறந்துவிட்டேன் என்றுதான் உன்னிடம் சொல்லியிருந்தேன். மறக்கவில்லை அம்மிணி.

போன வருடம் நம் ஆட்டுக்குட்டி இரண்டை நரி தூக்கிக்கொண்டு போனது உனக்கு ஞாபகம் இருக்கும். ஆட்டுக் குடலில் குருணை மருந்தைத் திணித்து ஓடைக்கரையில் போட்டேன். ஐந்து நரி வாயில் நுரை தள்ளி விறைத்துக் கிடந்தன. காலால் எத்திப் பார்த்து, நான் யார் தெரியுமா என்று கேட்டேன், அவ்வளவு திமிர். உன் அம்மா அன்றைக்கே சொன்னாள், பன்றிக்குட்டியையும் மயில் முட்டையையும் தின்கிறது நரிதான், அதைக் கொன்றுவிட்டால் பிறகு காட்டை யார் பார்ப்பது என்று. பொம்பளைப் பேச்சு என்று தள்ளிவிட்டேன். ஒரே வருடம்தான். மயில் விதையைப் பொறுக்கியது, பன்றி குடும்பம் குடும்பமாக வந்து, தென்னைக்கு நடுவே போட்ட குச்சிக்கிழங்கை உழுது தள்ளியது. எனக்கு வெறி ஏறிவிட்டது. மோட்டார் லைனிலிருந்து கம்பி இழுத்துக் கிழங்கைச் சுற்றிக் கட்டினேன். முதல் வாரமே ஒரு தாய்ப்பன்றி கருகிக் கிடந்தது, அதைச் சுற்றி நின்ற குட்டி நாலையும் மண்வெட்டிக் காம்பால் அடித்தே கொன்றேன். கை வலித்தது, மனசு குளிர்ந்தது. பிள்ளைத்தாய்ச்சியிடம் இதை எழுதக் கூடாதுதான், ஆனால் உன் அப்பன் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

பாஸ்கலுக்கும் எனக்கும் ஒரு பேச்சு இருந்தது. விடிகாலையில் பிள்ளையார் கோயில் மைக்கில் பாட்டுப் போட்டதும் நான் லைனை நிறுத்திவிட வேண்டும், பாட்டைக் கேட்ட பிறகே அவன் தோப்புக்குள் கால் வைக்க வேண்டும். நாலு மாதம் பிசகவில்லை. மார்கழி முதல் நாள், பாட்டை ஒரு மணி நேரம் முன்னாலேயே போட்டுவிட்டார்கள். நான் விழித்துத்தான் இருந்தேன். மார்கழிப் பாட்டு, விடிய இன்னும் நேரம் கிடக்கிறது, அவன் இப்போதே வரமாட்டான், அதற்குள் இன்னொரு பன்றி விழுந்தாலும் விழும் என்று நினைத்துப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அவன் என்னை நம்பி வந்துவிட்டான்.

போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வரும் வரைக்கும் வாயைத் திறக்காதே அப்பா, தை மாதம் நான் பிரசவத்துக்கு வரும்போது நீ வீட்டில் இருக்க வேண்டும் என்று நீ சொன்னாய். நானும் சரி என்றேன். நேற்று பாஸ்கலின் பெண்டாட்டி சிசிலி தன் தம்பியோடு வந்தாள். "எந்த மரமுங்க? காட்டுங்க. அது நிக்கக் கூடாதுங்க" என்றாள். என் கை தானாகவே நீண்டு, கிணற்றடியில் குலை தள்ளி நின்ற மரத்தைக் காட்டியது. தம்பிக்காரன் கோடாலி போட்டான். மரம் சாய்ந்ததும் அவள் அதன் மேல் ஏறி மிதித்தாள், காறித் துப்பினாள், அரிவாளை வாங்கிப் பாளையைக் கண்டதுண்டமாக வெட்டினாள். கள் அவள் முகமெல்லாம் தெறித்தது. கடைசியில் என்னிடம் வந்து கும்பிட்டு, காய்க்கிற மரத்தை வெட்ட விட்டீங்களே, இந்த மனசு யாருக்கு வருமுங்க என்றாள்.

இனிமேல் என்னால் முடியாது கண்ணு. நாளைக் காலையில் முதலில் சிசிலி வீட்டுக்குப் போகிறேன், அதற்குப் பிறகுதான் ஸ்டேஷன். உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், இரண்டு வேட்டியை மடித்துப் பையில் வைத்தாள். நீ இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு. அங்கே பனியில் கால் வழுக்கும், பார்த்து நட. பிள்ளை பிறந்ததும் அம்மா எனக்குச் சொல்லி அனுப்புவாள். தாயும் பிள்ளையும் நூறு வயசு வாழ வேண்டும். சிசிலி கையில் நேற்றைய அரிவாள் இருந்தாலும் நான் ஒதுங்கி நிற்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
காளிச்சாமி