விளையாட்டு முடியும் மணி

தர்மபுரம்
09.02.2026

அன்புள்ள மேனுகாவுக்கு,

நான் நித்திரை கொள்ளவில்லை. நீர் வேலையால் வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொன்ன உமது மகளை முற்றத்தில் விட்டுவிட்டு, நான் கதிரையில் குறட்டை விடுவதாக உங்கள் தொழிற்சாலை பஸ்ஸில் ரஜிதா சொன்னாராம். கண்ணை மூடியிருந்தது உண்மை. வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளாது. மூடிய கண்ணோடும், கிளித்தட்டு ஆட்டத்தில் யார் கோட்டை விட்டு விலகினான், யார் அளாப்பி ஏமாற்றினான் என்று காலடிச் சத்தத்தில் சொல்வேன்.

வந்த முதல் நாள் யதுர்ஷிகா, "அன்ரி, போன் இருக்கா?" என்றாள்.

"இருக்கு. தரமாட்டன்."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

ஒன்பது வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வியா அது? அன்றே சாம்பலால் கோடு போட்டு, அயல் பிள்ளைகளையும் கூப்பிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில், நாலு மணிக்கு மதர் வகுப்பறையைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிவிடுவார். மணி அடிக்கும்வரை எவளும் புத்தகத்தோடு அகப்படக் கூடாது. மகிழமரத்துக்குப் பின்னால் ஒளித்து வாய்ப்பாடு பாடமாக்கி நான் பிடிபட்டேன். தண்டனை என்ன தெரியுமா? அன்று முழுக்க நான்தான் கிளி. நடுக்கோட்டில் ஓடி ஓடி எல்லோரையும் மறிக்க வேண்டும். அந்தப் புழுதி இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

போனில் குரல் பதிந்து அனுப்ப வேண்டாம். மகளின் புத்தகப் பையில் கடிதம் வையும்.

இராசமலர் தில்லைநாதன்

தர்மபுரம்
11.02.2026

மதிப்புக்குரிய அன்ரி,

ரஜிதா அக்கா பகிடிக்குத்தான் சொன்னவா. பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

கோபிக்க வேண்டாம். திங்கட்கிழமை முதல் யதுவைச் சந்தியடி ரியூசனில் விடப்போகிறேன். அடுத்த வருடம் அவளுக்குப் புலமைப்பரிசில் சோதனை.

உங்களுக்கு விளையாட்டை முடித்துவைக்க ஒரு மணி அடித்தது அன்ரி. எங்களுக்கு அடிக்க ஒருவரும் இல்லை. அவளின் வயதில் நான் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தேன். விடிந்தால் பொழுதுபடும்வரை ஓய்வுதான். தண்ணீர் வரிசையில் வாளியை வைத்துவிட்டு, ஐந்து சரளைக்கல் பொறுக்கி, எறிந்து ஏந்திக் கொக்கான் வெட்டுவோம். அதில் என்னை வெல்ல ஆள் இல்லை. பிறகு ஒரு நாள் புத்தகம் தந்தார்கள். எழுத்துகள் தெரியாத ஆட்களின் முகம் மாதிரி இருந்தன. நான் அதற்குப் பிறகு அவற்றை எட்டிப்பிடிக்கவே இல்லை.

யது சும்மா நிற்பதைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. நீங்கள் செய்த உதவியை மறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
மேனுகா

தர்மபுரம்
12.02.2026

அன்புள்ள மேனுகாவுக்கு,

உமது கடிதத்தை வாசித்து மடித்து, திரும்பவும் விரித்து வாசித்தேன். நீர் சொன்னது சரி. மதரின் சட்டத்தில் திறப்பை மட்டும் நினைவு வைத்திருந்தேன், மணியை மறந்துவிட்டேன். இருட்டும்வரை பிள்ளைகளை விட்டது என் பிழை. ஆனால் நித்திரை கொள்ளவில்லை. அதை ரஜிதாவிடம் சொல்லும்.

சாமியறைக் கைமணியை எடுத்து வந்து இன்று ஐந்து மணிக்கு அடித்தேன்.

"இன்னும் ஒரேயொருக்கா அன்ரி!" என்று அயல்வீட்டு லக்ஷன் கெஞ்சினான்.

"மணி மணிதான். காலைக் கழுவிப்போட்டு வாங்கோ."

வந்து படிக்க இருந்தார்கள். யது எல்லாக் கணக்கும் செய்தாள். கொப்பி பையில் இருக்கிறது, பாரும். ஒன்று பிழை. அதை நான் திருத்தவில்லை. நாளைக்கு அவளே கண்டுபிடிப்பாள்.

பிறகு, உம்மைக் கேட்காமல் ஒன்று செய்தேன். கொக்கான் வெட்டுவதில் உம்மை வெல்ல ஆளில்லை என்று அவளிடம் சொன்னேன்.

"பொய்! அம்மாக்கு விளையாடவே தெரியாது" என்றாள்.

ஐந்து கல் பொறுக்கிக் கழுவி என் யன்னலில் காய வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை உமக்கு வேலை இல்லை. வந்து காட்டும். ஐந்து மணிக்கு உமக்கும் சேர்த்து மணி அடிப்பேன்.

திங்கள் யது ரியூசனுக்கா, இங்கேயா? பதிலை எழுத்தில் தாரும்.

இராசமலர் தில்லைநாதன்