எடுக்காத முட்டுக்கம்புகள்

இராஜபாளையம்
10-8-1987

அன்புள்ள அத்தானுக்கு,

சுந்தரம்மாள் எழுதுகிறேன். நானும் பிள்ளை வடிவும் இருக்கிறோம். நீங்கள் சூரத்தில் இருப்பதாக என் அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது. கேட்டு எனக்கு அழுகைகூட வரவில்லை.

செட்டியார்பட்டியில் நீங்கள் போட்ட கான்கிரீட் கூரை விழுந்து சித்தாள் வெள்ளத்தாய் செத்த அன்று போனவர் நீங்கள். கிரகப்பிரவேச நாள் நெருங்குகிறதென்று, இறுகுமுன்பே முட்டுக்கம்புகளைப் பிரிக்கச் சொன்னீர்களாம். அதே வாரம் போட்ட நம் முன்கூடத்துக் கான்கிரீட்டுக்குக் கம்புகள் இன்னும் நிற்கின்றன. அவற்றில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறேன். ஒன்றில் உங்கள் பழைய சட்டை தொங்குகிறது. வடிவு மாட்டியது.

கம்பும் பலகையும் வாடகைக்குக் கொடுத்த கருத்தப்பாண்டி அண்ணன், வேறு வேலைக்கு வேண்டுமென்று ஆட்களோடு வந்தார். ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை. "அண்ணாச்சி வந்து நிக்கட்டும், பொறவு பிரிக்கோம்" என்று சொல்லிவிட்டார்கள். எனக்குக் கோபமில்லை.

நாங்கள் படுப்பது உங்கள் அப்பா கட்டிய பின்னறையில். தேக்குச் சட்டங்கள்மேல் செங்கல் அடுக்கி, கடுக்காய்த் தண்ணீர் விட்ட சுண்ணாம்பைப் போட்டு, பெண்கள் நாள்கணக்கில் கட்டையால் தட்டிய மட்டப்பாக் கூரை. அதற்கு முட்டே கிடையாது. சுண்ணாம்பு இறுகும்வரை மாமா யார் சொன்னாலும் அசையமாட்டாராம். அந்தக் காலத்து ஆளுக்கு அவசரமே தெரியாது என்று நீங்கள் கேலி செய்வீர்கள்.

நேற்று வெள்ளத்தாயின் புருஷன் வேலுசாமி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கம்புகளுக்கு நடுவில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். "எம்புட்டு நாளாச்சு, நல்லா இறுகியிருக்கும் தாயி. இது விழாது. நான் பிரிச்சுத் தாரேன்" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் தலைக்கு மேல் இருந்ததற்கு ஒரு வாரம்தான் முட்டு, நம் தலைக்கு மேல் இருப்பதற்கு மூன்று மாதம். வேண்டாமென்றுவிட்டேன். காபி கொடுத்தேன், குடிக்காமல் போய்விட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நீங்களாகவே போய் ஆஜராவது நல்லது என்கிறார் வக்கீல். அதற்கு முன்னால் வீட்டுக்கு வாருங்கள். முதல் கம்பை உங்கள் கையால் தட்டி எடுங்கள். வேலுசாமி பார்க்கட்டும். வடிவை வாசலில் கையில் பிடித்துக்கொள்ளும்படி அவரிடம் சொல்கிறேன். நான் உள்ளே உங்கள் பக்கத்தில் நிற்கிறேன்.

ஆண்டாள் உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
சுந்தரம்மாள்