நீர் என்னை ‘உவ’ என்ற நாள்

உமக்கு,

இன்று காலை ஆசிரியர் அறைக்குள் கால் வைத்ததும் கப்பல் வாழைப்பழ வாசம். யாரோ ஒரு சீப்பை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உம்முடைய ஊர் நீர்வேலிப் பழம் என்று பார்த்ததுமே தெரிந்தது. மற்ற ஆசிரியர்கள் உரித்துச் சாப்பிட்டார்கள். நான் தொடவில்லை. நீர் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. இறந்த சினேகிதியோடு கோபிக்கக் கூடாதாம். வேறு யாரோடு கோபிப்பது?

பழைய பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமைகளில் உம்முடைய பைக்குள் இந்தப் பழம் இருக்கும். நாம் இருவரும் படிப்பித்தது வரலாறு. பதினோராம் ஆண்டில் உமக்கு ஒரு வகுப்பு, எனக்குப் பக்கத்து வகுப்பு. இரண்டாம் உலகப் போர் வரும்போது, யூத மக்களுக்கு நடந்ததை ஓட்டமும் நடையுமாகச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். ஒரு வருடம் உமக்கு அது பொறுக்கவில்லை. “இதை இப்பிடியே விடேலாது” என்றீர்.

அந்த விடுமுறையில் உம்முடைய வீட்டுக் குசினியில், சமையல் மேசையில் இருந்துதான் பாடத்தை ஆக்கினோம். படங்களைக் காட்டிப் பிள்ளைகளை அழவைக்க வேண்டாம் என்றீர். முதலில் ஒரு சட்டம் வந்தது, பிறகு கடைகள் மூடப்பட்டன, பிறகு பள்ளிக்கூடம், கடைசியில் ரயில். இப்படிப் படிப்படியாகப் போவோம் என்றீர். முடிவில் ‘இனப்படுகொலை’ என்ற சொல்லையும் அதன் விளக்கத்தையும் கரும்பலகையில் எழுதவேண்டும். அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது.

“பிள்ளையள் எங்கடை சனத்தைப் பற்றிக் கேட்டால்?” என்றேன்.

“கேக்கட்டும். பலகையிலை கிடக்கிறதை வாசிச்சு அவையே முடிவெடுக்கட்டும். நாங்கள் அவையின்ரை வாயை மூடப்படாது. ஆரும் வந்து விசாரிச்சால் ரெண்டு பேரும் சேந்துதான் செய்தனாங்கள் எண்டு சொல்லுவம்.”

என் வகுப்பில்தான் கேட்டார்கள். முன்வாங்கில் இருந்த ஒருத்தி எழுந்தாள். அவளுடைய தகப்பன் சின்ன வயதில், யுத்தத்தில், மயிலிட்டியை விட்டு உடுத்த உடுப்போடு ஓடி வந்தவர். “ரீச்சர், உந்தச் சொல்லு அவைக்கு மட்டுந்தானோ?” என்றாள். நான் பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். எல்லாரும் ஒரேயடியாகக் கதைக்கத் தொடங்கினார்கள். அதைவிட நல்ல பாடம் ஒன்றை நான் இதுவரை நடத்தியதில்லை.

அடுத்த கிழமையே முறைப்பாடு போய்விட்டது. மேலிடத்திலிருந்து ஓர் அலுவலர் வந்து பள்ளிக்கூட அதிபரின் அறையில் இருந்தார். எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். “இந்தப் பாடம் ஆர் தயாரிச்சது?” என்று கேட்டார். நான் உம்மைப் பார்த்தேன். யோசனை உம்முடையது, பெருமையும் உமக்கே சேரட்டும், நீரே முதலில் சொல்லும் என்று காத்திருந்தேன். அவ்வளவு மடைச்சி நான்.

“எனக்கு ஒண்டும் தெரியாது சேர். உவ தன்ரை பாட்டிலை தனியப் படிப்பிச்சிருக்கிறா.”

உவ. முழங்கை முட்டப் பக்கத்துக் கதிரையில் இருந்தவள் நான். ‘இவ’ என்றிருந்தாலாவது உம்முடைய பக்கத்தில் இருந்திருப்பேன். ‘அவ’ என்றிருந்தால் அங்கே இல்லாத யாரோ என்று தப்பியிருப்பேன். கேட்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பவளைச் சுட்டும் ‘உவ’வைச் சொல்லி என்னை அந்த அலுவலர் பக்கம் தள்ளிவிட்டீர், இந்தாருங்கள், பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுபோல. ஆனாலும் நான் உம்மைக் காட்டிக்கொடுக்கவில்லை. “ஓம் சேர், நான்தான்” என்றேன். நீர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்.

எனக்கு இடமாற்றம் வந்தது. இந்தக் கடற்கரைப் பள்ளிக்கூடத்துக்கு வர பஸ் மாறி ஏறவேண்டும். உமக்குப் பகுதித் தலைவர் பதவி வந்தது. ஒரு போன்கூட நீர் எடுத்துக் கதைக்கவில்லை. காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம், இன்றைக்காவது எடுப்பீர் என்று கொஞ்சக் காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பை விட்டுவிடத்தான் அதிகம் பாடுபட்டேன்.

செத்தவீட்டுக்கு வந்தேன். உம்முடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்ரி, உங்களை மாதிரிப் படிப்பிக்க ஆருமில்லை எண்டு அம்மா எந்த நாளும் சொல்லுறவ” என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள், பாவம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை அந்த அறையில் சொல்லியிருக்கலாமே. வீட்டுக்குள் இருந்து சொல்லி யாருக்கு என்ன பயன்? “ஓம் பிள்ளை” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இன்று இங்கே அதே பாடம். நீர் வகுத்த ஒழுங்கிலேதான் இன்னும் படிப்பிக்கிறேன். மாற்றிப் பார்த்தேன், சரிவரவில்லை. பாதியில் ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள்.

“ரீச்சர், பக்கத்து வீட்டு ஆக்கள் எல்லாத்தையும் பாத்துக்கொண்டுதானே இருந்தவை? அவை அவ்வளவு கூடாத ஆக்களோ?”

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்குப் பயம், பிரசாரம், பதவி ஆசை என்று காரணங்களை எழுதிப்போடுவேன். இன்று சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

“இல்லைப் பிள்ளை. நல்ல ஆக்கள். சிரிச்சுக் கதைக்கிற, கெட்டிக்கார ஆக்கள்.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“எனக்கு ஒராளைத் தெரியும்.”

“ஆர் ரீச்சர்?” என்று வகுப்பே கேட்டது. உம்முடைய பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அன்று அதிபரின் அறையில் சொல்லாத அந்தப் பெயரை இன்றும் நான் சொல்லவில்லை.