எல்லாவற்றுக்கும் ஆம்

ஜூன் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு நலம். அண்ணியும் பிள்ளைகளும் சுகம்தானே? போன் செய்தால் எப்போதும் மீட்டிங்கில் இருக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். அம்மா படுக்கையில் இருந்தபோது நான் பேச்சுக் கொடுத்துப் பதிந்ததையெல்லாம், "உன் போன் என்னிக்காவது தண்ணில விழும், என்கிட்ட இருந்தா பத்திரம்" என்று வாங்கிக்கொண்டு, போனில் இருந்ததையும் அழித்துக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அவள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. எனக்கு ஒரு நகல் வேண்டும். குரலைக் கேட்காமல் வீட்டில் இருப்பு கொள்ளவில்லை.

உங்கள் தங்கை

ஜூன் 19

அன்புத் தங்கைக்கு,

பென் டிரைவ் இதனுடன். அம்மா வாராவாரம் என்னோடு போனில் பேசியதையும் சேர்த்துப் போட்டிருக்கிறேன். பழைய கம்ப்யூட்டரை அழித்து விற்றுவிட்டேன், இனி எல்லாம் உன் பொறுப்பு. கேட்டுக் கேட்டு அழுதுகொண்டிருக்காதே.

அண்ணன்

ஜூன் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒன்றுவிடாமல் கேட்டுவிட்டேன். நான் வைத்த பெயர்கள் அப்படியே இருக்கின்றன, திறந்தால் நீங்கள் போனில் பேசியதுதான் வருகிறது. என்னுடையது ஒன்றுகூட இல்லை. வேறு எதிலாவது இருக்கும், ஆற அமரத் தேடிப் பாருங்கள் அண்ணா.

உங்கள் தங்கை

ஜூலை 11

தங்கைக்கு,

நாம் இருவருமே பதிவுகளுக்கு ஆங்கிலத்தில் அம்மா என்று பெயர் எழுதி நம்பர் போட்டிருக்கிறோம். நீ முதலெழுத்தைச் சின்னதாகப் போட்டாய், நான் பெரியதாக. என் கம்ப்யூட்டரை இயக்கிய லினக்ஸ் மென்பொருளுக்கு அவை வெவ்வேறு பெயர்கள், தனித்தனியாக இருந்தன. உன் விண்டோஸ் கம்ப்யூட்டரில் திறக்கும்படியான பென் டிரைவை எடுத்தேன். அதற்கு இரண்டும் ஒரே பெயர். முதலில் உன்னுடையதைப் போட்டேன், என்னுடையது அதன்மேல் ஏறிவிட்டது. மாற்றவா என்று கேட்டது, தலைக்கு மேல் வேலை, "எல்லாவற்றுக்கும் ஆம்" என்று தட்டிவிட்டேன். கம்ப்யூட்டரை வாங்கியவனிடம் விசாரித்தேன், அதில் ஒன்றும் மிஞ்சவில்லை.

யாருக்கும் நடக்கக்கூடியதுதான். நீயும் பெயரை ஒழுங்காக வைத்திருக்கலாம். அம்மா குரல் மொத்தமாகப் போய்விடவில்லையே, மனதைத் தேற்றிக்கொள்.

அண்ணன்

ஆகஸ்ட் 1

அண்ணனுக்கு,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கம்ப்யூட்டர் வேலையிலேயே தலை நரைத்தவர், நான் பெயர் வைத்ததைக் குறை சொல்கிறீர்கள். வருஷம் முழுக்க என் பதிவுகள் உங்களிடம் இருந்தன. ஒன்றையாவது திறந்து கேட்டிருந்தால், அவற்றின்மேல் எதையும் ஏற்ற உங்களுக்குக் கை வந்திருக்காது.

உங்களிடம் அம்மா ஒவ்வொரு வாரமும் ஒன்றையேதான் சொல்கிறாள். "நல்லா இருக்கேன்பா. நீ வேலையப் பாரு." நீங்கள் போனை வைத்தபிறகு அவள் என்னிடம் பேசியதுதான் நான் பதிந்தது. "வலி தாங்கலடி. பெரியவன் ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போகக் கூடாதா?" முதுகுப் புண்ணுக்கு மருந்து போடும்போது என்னைத் திட்டுவாள், திட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். எல்லாம் இருந்தது. உங்கள்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

பென் டிரைவைத் திருப்பி அனுப்புகிறேன். அதில் இருப்பது உங்கள் அம்மா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால், அம்மா கடைசிவரை நன்றாகத்தான் இருந்தாள் என்று தைரியமாகச் சொல்லலாம். இல்லை என்று சொல்ல இனி ஒரு குரலும் இல்லை.

தங்கை